சிவப்பு மரத்துக்கு ஒரு சுங்குடிச் சேலை

என் மகன் படியில் வழுக்கி விழுந்ததால்தான் நான் கனடாவைப் பார்த்தேன்.

மொன்றியலில் வீட்டுக்குப் படி வெளியே இருக்கிறது. இரும்புப் படி, அதுவும் நெளிந்து நெளிந்து இறங்குகிறது. மாடியில் குடியிருப்பவர்கள் மழையானாலும் பனியானாலும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும். பங்குனியில் ஒருநாள் காலையில் படியில் ஐஸ் படிந்திருந்ததைப் பார்க்காமல் சரவணன் கால் வைத்திருக்கிறான். கணுக்கால் முறிந்து, உள்ளே தகடு வைத்துக் கட்டுப் போட்டார்கள். இன்னும் கல்யாணம் ஆகாதவன். தனியாக இருக்கிறவன். எனக்கு முந்தின வருஷமே விசா வாங்கி வைத்திருந்தான். நான்தான் பாஷை தெரியாத ஊரில் யார் முகத்தில் முழிப்பது என்று பயந்து, அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். "எந்திரிச்சு ஒரு தம்ளர் தண்ணி எடுக்க முடியலம்மா" என்று போனில் சொன்னதும் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

சித்திரை பிறந்த பிறகு போய் இறங்கினேன். எங்கள் திருமங்கலத்தில் அந்நேரம் வேம்பு பூத்துக் கொட்டிக் கிடக்கும். இங்கே விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் வழியில் ஒரு மரத்திலும் ஓர் இலை இல்லை. என்னைக் காரில் அழைத்து வந்தவன் சரவணனோடு புவாண்ட்-கிளேர் என்ற இடத்தில் வேலை பார்க்கும் பையன். மரமெல்லாம் பட்டுப்போய்விட்டதா என்று அவனிடம் கேட்க நினைத்தேன். கூச்சத்தில் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் கொஞ்சம் புல்தரை. அதன் நடுவில் சாக்குத்துணியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய ஏதோ ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது.

"அது என்னப்பா?" என்று மகனைக் கேட்டேன்.

"கீழ்வீட்டு ரெமியோட மரம்மா. ஜப்பான் மேப்பிள். குளிருக்குப் போத்தி வச்சிருக்காரு."

"மரத்துக்கா?"

"எனக்குக்கூட இவ்வளவு கவனமா யாரும் போத்தி விட்டதில்ல," என்றான். கால் கட்டோடு கிடந்தாலும் வாய் குறையவில்லை.

ரெமியும் அவர் மனைவி ஜினெட்டும் வீட்டுச் சொந்தக்காரர்கள். இருவருக்கும் என் வயது இருக்கும், பிரெஞ்சு பேசுகிறவர்கள். முதல்நாளே ஜினெட்டைச் சந்திக்கும்படி ஆகிவிட்டது. ரசத்துக்கு மிளகாய் தாளித்தேன். புகை பட்டால் கத்துமாம், அடுப்படி உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டி வீல் வீல் என்று கத்த ஆரம்பித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரவணன் கட்டிலில் இருந்தபடி, "ஜன்னலைத் தொறம்மா, ஜன்னலை!" என்று கத்துகிறான். ஜன்னல் எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் ஜினெட் படியேறி ஓடிவந்து, ஒரு துண்டை எடுத்து அந்தப் பெட்டிக்கு விசிறி அடக்கினாள். பிறகு சட்டிக்குள் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள், தும்மினாள், இன்னொரு தடவை உறிஞ்சினாள். ஒரு கிண்ணத்தில் ரசம் ஊற்றிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"என்னப்பா சொல்றாங்க?"

"பெட்டி கத்தினாலும் பரவாயில்லையாம். தினமும் வைக்கச் சொல்றாங்க."

மகன் நடமாட முடியாததால் வெளிவேலை என் தலையில் விழுந்தது. தெருமுனையில் டெப்பனர் என்று ஒரு கடை. பால், ரொட்டி, பீடி சிகரெட்டு எல்லாம் விற்கிற நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கு அண்ணன் மாதிரி. அதை நடத்துவது யாழ்ப்பாணத்து நேசம். ஐம்பது வயது இருக்கும். நான் கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு பால் எங்கே இருக்கும் என்று சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து அவளே பேசினாள்.

"அம்மா, நீங்கள் சரவணன்ர அம்மாவோ? இந்தியாவிலையிருந்து வந்தனீங்களோ?"

தலையாட்டினேன்.

"வாயைத் திறந்து கதையுங்கோ அம்மா. இஞ்சை தமிழிலை கதைச்சா ஆரும் பிடிச்சுக்கொண்டு போகாயினம்."

பால் அங்கேயும் நம் ஊர் மாதிரி பாக்கெட்டில்தான் வருகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ தெம்பு வந்தது. நேசம் அன்றைக்கு இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்தாள். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட அந்தச் சொதியை மகன் உறிஞ்சிக் குடித்துவிட்டு, "உன் ரசத்துக்குப் போட்டி வந்துருச்சும்மா," என்றான். அடுத்த நாள் நான் கொடுத்தனுப்பிய ரசத்தைக் குடித்த நேசம், "நல்லாத்தான் இருக்கு. ஆனா உறைப்பு எங்கை அம்மா?" என்று கேட்டாள். மிளகாய் விஷயத்தில் யாழ்ப்பாணத்தாரோடு நாம் மோத முடியாது.

தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் நாலைந்து யாழ்ப்பாணத்துப் பெண்கள் தையல் ஃபாக்டரி வேலைக்குப் போக நிற்பார்கள். ஜன்னல் ஓரமாக நின்று அவர்கள் பேசுவதைக் கேட்பேன். ஒருத்தியின் மகன் வீட்டில் பிரெஞ்சு மட்டும்தான் பேசுகிறானாம். "தாய்க்கு விளங்காத பாஷையிலை தாயை ஏசிறான்," என்று சொல்லிச் சிரித்தாள். இறங்கிப் போய் இரண்டு வார்த்தை பேசலாம் என்று தினமும் நினைப்பேன். பஸ் வந்துவிடும்.

ஒருநாள் மகனுக்கு மருந்து வாங்கத் தனியாக பஸ் ஏறினேன். நம்பர் சரியாகப் பார்த்துத்தான் ஏறினேன். எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸிலும் அதே நம்பர் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அஹுன்ட்சிக் பக்கம் எங்கேயோ கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு, உட்காரும்படி கையைக் காட்டி, காப்பி குடித்து முடித்து, அதே பஸ்ஸில் என்னைத் திரும்பக் கொண்டுவந்து மருந்துக்கடை வாசலிலேயே இறக்கிவிட்டார். நம் ஊரில் என்றால் கண்டக்டர் நாலு வார்த்தை திட்டிவிட்டு இறக்கிவிட்டிருப்பார். இவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

வழி தப்பியதில் ஒரு லாபம். போகும்போதும் வரும்போதும் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜனங்கள் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மரங்களின் நுனியெல்லாம் லேசாக நிறம் மாறியிருந்தது.

வீடு திரும்பினால் ரெமி தன் மரத்தின் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்தால் தப்பாக நினைப்பாரோ என்று நான் படியில் ஏறப் போனேன். அவர் "மதாம்!" என்று கூப்பிட்டு வரச் சொன்னார். உள்ளே இருந்தது ஒல்லிக் குச்சி மரம். என்னைவிட ஒரு சாண் உயரம் கூட இருக்கும். இதற்கா இவ்வளவு பாடு என்றுதான் முதலில் தோன்றியது. அவர் கொப்பு கொப்பாக விரலால் தொட்டுக் காட்டினார். நுனிவரைக்கும் ஜோடி ஜோடியாகச் சிவப்பு மொட்டு, குன்றிமணி மாதிரி. அவர் இரண்டு விரலை மடக்கி, கையை வெட்டுவதுபோல் காட்டி உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது விரலை நீட்டி மரத்தைத் தொட்டார்.

மகன்தான் பிறகு விளக்கினான். ஜப்பான் மேப்பிள் இந்த ஊர்க் குளிருக்குத் தாங்காதாம். நாற்று விற்றவனே வேண்டாம் என்றானாம். ரெமி விடவில்லை. முதலில் வைத்த இரண்டும் பனியில் செத்துப்போயின. இது மூன்றாவது. போன குளிரிலும் பாதிக் கொப்பு போய்விட்டது. இந்த வருஷம்தான் நுனிவரை உயிரோடு வந்திருக்கிறது.

அதன் பிறகு தினமும் பால் வாங்கப் போகும்போது அவர் அங்கே நிற்பார். நானும் நின்று பார்ப்பேன். அவருக்கு நான் பேசுவது புரியாது, எனக்கு அவர் பேசுவது புரியாது. அதனால் எனக்குக் கூச்சமும் இல்லை. மொட்டு பிளந்தது. இலை வந்த விதம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாங்கொழுந்து, அரசங்கொழுந்து எல்லாம் சிவப்பாகத்தான் வரும், நமக்குப் புதிது இல்லை. ஆனால் இது முட்டையிலிருந்து வந்த கோழிக்குஞ்சின் கால் மாதிரி விரல்களைக் கூட்டிக்கொண்டு, நனைந்து தொங்கிக்கொண்டு வந்தது. வாடிவிட்டதோ என்று முகத்தைச் சுளித்தேன். அவர் சிரித்து, தன் கையைக் கூப்பித் தொங்கவிட்டு, மெதுவாக ஒவ்வொரு விரலாக விரித்துக் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜினெட் ஒரு பாட்டில் மேப்பிள் பாகு கொடுத்தாள். அந்த மரத்தின் பெரிய ஜாதியிலிருந்து இறக்குவதாம். வெல்லத்துக்குப் பதிலாக அதை ஊற்றிக் கரைத்துக் கோதுமைத் தோசை சுட்டேன். ரெமி தின்றுகொண்டே இருந்தார். ஜினெட் அவர் தட்டை இழுத்தாள், அவர் திரும்ப இழுத்தார். "நெஞ்சுக்கு ஆகாதுன்னு சொல்றாங்கம்மா," என்றான் மகன்.

அவள் பயந்தது நடந்துவிட்டது. தோசையால் அல்ல, அதை டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ரெமியைப் படுக்க வைத்து, மூக்கில் குழாய் வைத்துக் கொண்டுபோனார்கள். மரத்தைத் தாண்டிப் போகும்போது தலையை அந்தப் பக்கம் திருப்பினார்.

இரண்டு மூன்று நாள் ஜினெட் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தாள். சாயந்தரம் அவளுக்கு ரசச் சாதம் கொண்டுபோய்க் கொடுப்பேன். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். "அவருக்குப் பயம் வந்துருச்சாம், அம்மா," என்று மகன் சொன்னான். "உயிலு, சாவி, அதைப் பத்தியெல்லாம் பேசறாராம். ஜினெட் என்ன பேசினாலும் காதுல வாங்கலையாம். இலை முழுசா விரிஞ்சுதான்னு மட்டும் கேக்கறாராம். பொழைச்சு வந்து நீயே பாருன்னு சொல்லித்தான் இவங்க அவரை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வச்சிருக்காங்க."

ஆபரேஷனுக்கு முதல்நாள் ஜினெட் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அன்று சாயந்தரம் டிவி பார்த்துக்கொண்டிருந்த சரவணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அம்மா, விடியக்காலையில பனி உறையுமாம்."

"வைகாசி பொறக்கப் போகுது, இனிமே என்ன பனி?"

"இந்த ஊருக்கு வைகாசி தெரியுமா? பெரிய மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் கொழுந்து கருகிடும்."

சாக்கு பின்பக்கக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. சாவி ஜினெட்டிடம். அவள் போனை அணைத்து வைத்திருந்தாள். மகன் தன் போர்வையை எடுக்கச் சொன்னான். கம்பளிக் கனத்துக்குக் கொழுந்து முறிந்துவிடும். நான் பெட்டியைத் திறந்து என் சுங்குடிச் சேலை இரண்டையும் எடுத்தேன். மஞ்சளில் சிவப்புக் கரை போட்டது ஒன்று, அரக்கு ஒன்று. பருத்தி, கனம் கிடையாது, ஆனால் நெருக்கமான நெசவு.

"துணி இலைமேல ஒட்டக் கூடாதும்மா. ஒட்டுன எடத்துல குளிர் இறங்கும். இரு, இதைக் கொண்டு போ," என்று தன் இரண்டு ஊன்றுகோலையும் நீட்டினான்.

"உனக்கு?"

"ராத்திரி நான் எங்க போகப் போறேன்? பாத்ரூமுக்குத் தவழ்ந்துக்கறேன்."

இருட்டுவதற்குள் இறங்கிப் போய், மரத்துக்கு இரண்டு பக்கமும் ஊன்றுகோலை மண்ணில் ஊன்றினேன். அரக்குச் சேலையை உள்ளே சுற்றினேன். மஞ்சளை மேலே போட்டேன். மிச்சத் துணி காற்றில் அடிக்காமல் இருக்க வேண்டுமே, கை தன்னால் கொசுவம் வைத்துச் செருகி ஊக்குப் போட்டது. முந்தானையை உச்சியில் முக்காடு போல் போட்டு முடிந்தேன். நுனிக் கொப்பு ஒன்று மட்டும் உள்ளே அடங்கவில்லை. எட்டி எட்டிப் பார்த்தேன், முடியவில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

விடிந்ததும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். புல்லெல்லாம் உப்புத் தூவினது போல் வெள்ளையாக இருந்தது. மரத்தைப் பார்த்தேன். அங்கே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்துப் பெண்கள். எல்லோரும் ஷூவைக் கழற்றிப் புல்லின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பனியில் வெறும் காலுறையோடு கையைக் கூப்பி நின்றார்கள். மேலிருந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஊன்றுகோல் இரண்டும் தோள்போல நிற்க, மஞ்சள் சேலையும் கொசுவமும் முக்காடுமாக அசல் மாரியம்மன். வெள்ளிக்கிழமை வேறு.

"அம்மாளாச்சி! நேற்றுப் பின்னேரம் நான் பாக்கேக்க வெறும் மரம்," என்றாள் ஒருத்தி. "இண்டைக்கு வந்து நிக்கிறா."

"வெள்ளைக்காரன்ர வீட்டு வளவிலையோ?"

"அவளுக்கு வெள்ளை ஆர், கறுப்பு ஆர்? கும்பிடு பிள்ளை, பஸ் வரப் போகுது."

காலடியில் ஓர் எலுமிச்சம்பழம், யாரோ மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழைப்பழம். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போது ஒருத்தி பையைத் துழாவினாள். வேலை முடிந்து கோயிலுக்குப் போக வைத்திருந்த கற்பூரம். அதைக் கல்லின்மேல் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். ஒரு முழம் தள்ளிச் சேலையின் கரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வந்த நாளிலிருந்து நான் அந்த ஊரில் குரலை உயர்த்தியதில்லை. என்ன கத்தினேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. செருப்பு இல்லை, கோட்டு இல்லை, முடிந்த கொண்டை அவிழ்ந்து தொங்க, மகனைத் தள்ளிவிட்ட அதே இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன்.

"ஐயோ, ஆச்சிக்கு உரு வந்திட்டுது!" என்று ஒருத்தி அலறினாள். எல்லோரும் அம்மனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். ஒருத்தி, "தாயே, என்ர மகன்ர இமிக்கிரேஷன்…" என்று ஆரம்பித்தே விட்டாள்.

"உருவுமில்ல, சாமியுமில்லம்மா! நெருப்பை அணைங்க! செடிக்குக் குளிருதுன்னு என் சேலையைப் போத்தி விட்டேன்!"

கற்பூரத்தின்மேல் பனிப்புல்லைப் பிடுங்கிப் போட்டு அமுக்கினேன். பிறகு ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது, எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு நேசம் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். "கதைக்கவே மாட்டியள் எண்டு நினைச்சன் அம்மா. தெரு முழுக்கக் கேட்டுது," என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்சியில் ஜினெட் வந்து இறங்கினாள். ரெமியை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போகுமுன் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துவர வந்திருக்கிறாள். தன் வாசலில் கூட்டம், புகை, வெறுங்காலோடு நான். அவள் முகம் வெளுத்துப்போனது. நேசம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் மளமளவென்று சொன்னாள். ஜினெட் மரத்திடம் போய் முக்காட்டை விலக்கி உள்ளே பார்த்தாள். சிவப்புக் கொழுந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி மட்டும் கறுத்துவிட்டது. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். பஸ் வந்து நின்றது. பெண்கள் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பெண்கள் ஷூவைக் கழற்றிக் கும்பிட்டு நின்றதைச் சரவணன் பால்கனிக்குத் தவழ்ந்து வந்து போட்டோ எடுத்து வைத்திருந்தான். ரெமிக்குக் காட்டக் கேமராவை வாங்கிக்கொண்டு ஜினெட் அதே டாக்சியில் போனாள். போகும் அவசரத்தில், வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த மூக்குக்கண்ணாடியைப் படியிலேயே வைத்து மறந்துவிட்டாள். நேசம் அதை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டிவிட்டு இன்னொரு டாக்சியில் போனாள்.

அன்றைய பகல் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. மகன் போனைக் கையில் வைத்தபடியே இருந்தான். நான் செய்த சாப்பாடு ஆறிப்போனது. சாயந்தரம் ஜினெட் பேசினாள். பிழைத்துவிட்டார் என்று மகன் சொன்னதும்தான் ஊன்றுகோலைப் பிடுங்கி வந்து அவனிடம் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வந்தது.

பிறகு நல்ல வெயில் அடித்தது. இலைகள் விரல் விரலாக விரிந்தன. நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் ஒருநாள் ரெமி வீட்டுக்கு வந்தார். பாதி ஆளாகியிருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. ஜினெட் நடைபாதை வழியாகக் கூட்டிப்போகப் பார்த்தாள். அவர் புல்தரைப் பக்கம் திரும்பினார். படி ஓரம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் மறுகாலை அழுத்தி ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஜினெட் கத்தினாள். ஈரப்புல், சளி பிடிக்கும், இப்போதுதானே ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாய் என்றுதான் இருக்கும். அவர் கேட்கவில்லை. காலுறையோடு போய் மரத்துக்கு முன்னால் நின்று கையைக் கூப்பினார். நான் சிரிக்கிறேனா என்று கடைக்கண்ணால் பார்த்தார். சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கையை எடுக்கவில்லை.

ஜினெட் கத்துவதை நிறுத்தினாள். குனிந்து அவர் ஷூ இரண்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் போய் நின்றாள்.

நான் மேலே வந்து, உலையில் கூட இரண்டு பேருக்கு அரிசி போட்டேன்.